டிரம் அடிக்க உடல் உரம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. பள்ளியின் பேண்டுக் குழுவில் டிரம் அடிக்கப் புதிதாகச் சேரும் மாணவிக்கு இம்மொழி மிகவும் பொருந்தும். அவளுக்குத் தாளம்தான் சித்திரம், உடல்தான் சுவர். சுவர் உறுதியாக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல தாள அறிவும் அணிவகுப்பு நாளில் நம்மைக் கைவிட்டுவிடும்.

டிரம் என்றதும் நம் நினைவுக்கு வருவன இரண்டு கைகளும் இரண்டு குச்சிகளுமே. கை வேகம் இருந்தால் போதும் என்று எண்ணுகிறோம். ஆனால் அணிவகுப்பில் டிரம் அடிக்கும் மாணவி ஒரே சமயத்தில் நான்கு வேலைகளைச் செய்கிறாள். அவள் நடக்கிறாள், சுமக்கிறாள், அடிக்கிறாள், அசையாமல் நிற்கவும் செய்கிறாள். இந்த நான்கிற்கும் உடலை எவ்வாறு பழக்குவது என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

நடை

நம் புதுச்சேரியில் அணிவகுப்பு என்றால் கடற்கரைச் சாலைதான். சனவரி 26 குடியரசு நாள், ஆகஸ்டு 15 சுதந்திர நாள், 1954இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறிய நவம்பர் 1 விடுதலை நாள் ஆகிய மூன்று நாட்களிலும் காவலரோடு பள்ளி மாணவ மாணவியரும் அச்சாலையில் நடை பயில்கிறார்கள். காந்தி சிலையைச் சுற்றிக் கூடும் கூட்டத்துக்குக் கொடியும் சீருடையும் கண்ணில் படுவதற்கு முன்பே டிரம்மின் ஓசை காதில் விழுந்துவிடும்.

அந்த ஓசை அழகுக்காக மட்டும் எழுவதன்று. பின்னால் வரும் அத்தனை கால்களுக்கும் அதுவே கடிகாரம். ஒரு பாடகி சுருதி தவறினால் அவள் பாட்டு மட்டுமே கெடும். டிரம் அடிப்பவள் களைத்துத் தாளம் தளர்ந்தாலோ வரிசை முழுவதும் தடுமாறும். ஆகவே நம் களைப்பு நம்மோடு நின்றுவிடுவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வோம்.

விரைவு நடையின் வழக்கமான கணக்கு நிமிடத்துக்கு 120 காலடி. ஒரு காலடியின் நீளம் 30 அங்குலம், அதாவது ஏறக்குறைய 75 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு நிமிடத்தில் 90 மீட்டர் கடக்கிறோம். நம் கடற்கரைச் சாலை சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம். அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தால் 1,600 காலடிகள். சற்றேறக்குறைய 13 நிமிடங்கள். சிறு வகுப்பு மாணவியருக்கு எட்டு வைக்கும் நீளம் குறையும். அதற்கேற்ப உடற்பயிற்சி ஆசிரியை கணக்கை மாற்றி அமைப்பார்.

எல்லாப் படைகளும் இதே வேகத்தில் நடப்பதில்லை. 2024 குடியரசு நாளன்று புதுதில்லியில் பிரான்சின் அயல்நாட்டவர் படைப் பிரிவு தன் பேண்டுக் குழுவோடு அணிவகுத்துச் சென்றது. அப்படையின் வழக்கமான நடை நிமிடத்துக்கு 88 காலடிதான். மெதுவான நடை எளிது என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு எட்டிலும் உடல் ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் கூடுவதால் அதற்குச் சமநிலை அதிகம் வேண்டும். வேகமோ நிதானமோ, எதற்கும் கால்தான் அடிப்படை.

எனவே முதல் பயிற்சி டிரம்மைத் தொடாமலே தொடங்குகிறது. வண்டிகள் ஓடாத அதிகாலையில் கடற்கரைச் சாலையிலோ, வீட்டுக்கு அருகிலுள்ள திடலிலோ, பெரியவர் ஒருவர் துணையோடு நாளும் 15 நிமிடம் கைவீசி நடப்போம். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கவும் வேண்டும். அதுவே சரியான வேகம். மழை நாட்களில் வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி ‘மார்க் டைம்’ செய்யலாம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடல் உழைப்பில் ஈடுபட வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்துள்ளது. பள்ளிக்கு நடந்து வருவதும், மாலையில் பந்து விளையாடுவதும், கயிறு தாண்டுவதும் இக்கணக்கில் சேரும்.

சுமை

பள்ளிக் குழுக்களில் வழங்கும் சைடு டிரம், அளவுக்கும் செய்பொருளுக்கும் தக்கபடி ஏறத்தாழ 3 முதல் 6 கிலோ வரை எடை இருக்கும். பேஸ் டிரம் அதைவிடக் கனம். இதை எதனோடு ஒப்பிடலாம்? 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கைப்படி பையின் எடை மாணவரின் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேற்படலாகாது. 40 கிலோ எடையுள்ள மாணவிக்கு அது 4 கிலோ. அவள் தோளில் ஏறும் டிரம் இந்த வரம்பைத் தொடும் அல்லது தாண்டும். அதிலும் பை முதுகோடு ஒட்டியிருக்கும். டிரம்மோ முன்னாலும் பக்கத்திலும் தொங்கும்.

வாரில் தொங்கும் சைடு டிரம் வலத் தோளிலிருந்து இறங்கி இடத் தொடையருகே சாய்ந்து நிற்கும். இடுப்பில் தண்ணீர்க் குடம் சுமந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது உடனே விளங்கும். குடம் ஒரு பக்கம் இருந்தால் உடல் தானாகவே மறுபக்கம் சாயும். குடத்தை இடுப்பு மாற்றிக்கொள்ளலாம். அணிவகுப்பின் நடுவே டிரம்மை மாற்ற முடியாது. சாயாமல் நிமிர்ந்து நடக்க வேண்டுமானால் வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகள் உறுதிப்பட வேண்டும். பேஸ் டிரம் சுமப்பவளுக்கு வேறொரு சங்கடம். அவளுக்குத் தன் பாதம் தெரியாது. ஆகவே பின்னால் வளையாத முதுகும் தரையை நம்பி வைக்கும் காலும் அவளுக்கு வேண்டும்.

இதற்கு விலை கொடுத்து வாங்கும் கருவி எதுவும் தேவையில்லை. பின்வரும் பயிற்சிகளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும்.

1. தோப்புக்கரணம்: பாதம் முழுதும் தரையில் பதிய, மெதுவாக அமர்ந்து மெதுவாக எழுதல். 10 முறை. தொடைக்கும் இடுப்புக்கும் இது நல்ல பயிற்சி. தண்டனையாக நாம் கருதி வந்த ஒன்று இங்கே நமக்குத் துணையாகிறது!

2. சுவர்த் தண்டால்: சுவரிலிருந்து ஓரடி விலகி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய் மீள்தல். 10 முறை. இதனால் தோளும் மார்பும் வலுவடையும்.

3. பலகை நிலை: குப்புறப் படுத்து, முழங்கைகளையும் கால்விரல்களையும் மட்டும் ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக உயர்த்துதல். முதலில் 10 விநாடி. பிறகு மெல்ல மெல்ல 30 விநாடி. மூச்சை அடக்கக் கூடாது.

4. தண்ணீர்ப் பாட்டில் தூக்குதல்: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரு கைகளிலும் ஒவ்வொரு பாட்டிலைப் பற்றிப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை உயர்த்தி இறக்குதல். 8 முறை. கடினமாகத் தோன்றினால் பாட்டிலைப் பாதி நிரப்பிக்கொள்ளலாம்.

5. ஒற்றைக்கால் நிலை: ஒவ்வொரு காலிலும் 20 விநாடி நிற்றல். பழகியபின் கையால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டே நிற்கலாம்.

டிரம் வாரைச் சரியாக இழுத்துக் கட்டுவதும் உடற்பயிற்சிக்குச் சமம். தளர்ந்த வாரில் டிரம் முழங்காலில் மோதும். அதைத் தவிர்க்க நாம் கோணலாக நடக்கத் தொடங்குவோம். ஒவ்வொருவர் உயரத்துக்கும் ஏற்ப வாரின் துளையைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

கை

இடக் கையில் குச்சியை உள்ளங்கை மேல்நோக்கியிருக்கப் பிடிக்கும் பழைய முறையைப் பலர் பார்த்திருப்போம். அது வெறும் பகட்டன்று. டிரம் ஒருபக்கம் சாய்ந்து தொங்கியதால் இடக் கை அதன் விளிம்பைத் தாண்டி அடிப்பதற்கு அந்தப் பிடியே வசதியாயிற்று. இரு தோள்களிலும் மாட்டும் கவசத்தில் டிரம் சமமாக நிற்கையில் இரு கைகளாலும் ஒரேவிதமாகப் பிடிக்கலாம். எந்தப் பிடியானாலும் விதி ஒன்றே. குச்சியை இறுகப் பற்றாதே. அது தானே துள்ளி எழ விடு. இறுகப் பற்றும் கை 5 நிமிடத்தில் கடுக்கும்.

வீட்டில் பயில டிரம் தேவையில்லை. தடித்த ரப்பர்த் துண்டோ, துணி சுற்றிய பழைய புத்தகமோ போதும். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளோடு ஒரு விநாடிக்கு ஒரு தட்டு என்று வலம், இடம் மாற்றித் தட்டுவோம். இது நிமிடத்துக்கு 60. ஒலி இரு கையிலும் ஒன்றுபோல் கேட்கும் வரை வேகத்தைக் கூட்டக் கூடாது. பிறகு ஒவ்வொரு கையிலும் இரண்டிரண்டு தட்டு. அதன் பிறகே 80, 100, 120. தொடங்குமுன் மணிக்கட்டை மெல்லச் சுழற்றி, விரல்களை விரித்து மடக்கிச் சூடேற்றுவது அவசியம். தசை சோர்வது இயல்பு. மணிக்கட்டில் குத்தும் வலியோ விரல்களில் மரமரப்போ தோன்றினால் நிறுத்தி ஆசிரியையிடம் சொல்ல வேண்டும். அதைத் தாங்கிக்கொண்டு அடிப்பது வீரமன்று.

டிரம் அடிப்பது நெஞ்சுக்கும் வேலை. இங்கிலாந்தில் சிச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘பிளாண்டி’ இசைக்குழுவின் டிரம் கலைஞர் கிளெம் பர்க்கை மேடையில் ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் அவருடைய இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140 முதல் 150 வரை ஓடி, உச்சத்தில் 190ஐத் தொட்டது. விளையாட்டு வீரர்களுக்கு இணையான உழைப்பு அது. அவராவது அமர்ந்து அடித்தார். நாமோ நடந்துகொண்டு அடிக்கிறோம்!

காதையும் மறக்கலாகாது. 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடுந்தோறும் அந்த நேரம் பாதியாகும் என்பது தொழிற்கூடங்களுக்கு வல்லுநர் வகுத்த கணக்கு. 100 டெசிபலில் அது 15 நிமிடமாகச் சுருங்குகிறது. அருகிலிருந்து கேட்கும் டிரம் இந்த அளவைத் தாண்டக்கூடியது. மூடிய அறையில் கூடிப் பயிலாமல் திறந்த முற்றத்தில் பயில்வதும், காதடைப்பான் அணிவதும் நலம்.

நிலை

அணிவகுப்பில் நடக்கும் நேரம் குறைவு, நிற்கும் நேரமே அதிகம். விருந்தினர் வருகை, கொடியேற்றம், உரை, பரிசளிப்பு என வெயிலில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும். வரிசையில் மாணவி ஒருத்தி மயங்கி விழுவதைப் பல விழாக்களில் நாம் கண்டிருக்கிறோம். ‘பலவீனமான பெண்’ என்று பார்ப்பவர்கள் சொல்லிவிடுவர். பெரும்பாலும் அது பலவீனத்தால் நேர்வதன்று, அறியாமையால் நேர்வது.

நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, காலிலுள்ள இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகின்றன. முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் அந்த வேலை நின்றுபோகிறது. இரத்தம் காலில் தேங்குகிறது. மூளைக்குச் செல்வது குறைகிறது. வெயிலில் தோலின் இரத்தக் குழாய்களும் விரிவதால் நிலைமை இன்னும் மோசமாகிறது. கண் இருண்டு, காது அடைத்து, உடல் சாய்கிறது.

இதைத் தடுப்பது எளிது. ‘அட்டென்ஷன்’ நிலையிலும் முழங்காலைச் சற்றே தளர்த்தி வைப்போம், வெளியே தெரியாது. காலணிக்குள் விரல்களை மடக்கி நீட்டுவோம். கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்துவோம். இவற்றை ஒத்திகையிலேயே பழக வேண்டும். இத்தனை செய்தும் தலை சுற்றினால் உடனே அமர்ந்துவிட வேண்டும். மயங்கியவளைத் தூக்கி நிறுத்தாமல் நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்தி, இறுகிய கழுத்துப் பட்டியைத் தளர்த்த வேண்டும். நினைவு தெளியுமுன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஓரிரு நிமிடத்தில் தெளியாவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. கடற்காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். ஈரக் காற்றில் அது காயாமல் வழிந்தோடும். புது வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். விழாவுக்கு முதல் நாள் மட்டும் வெயிலில் நின்று பழகுவது பயன் தராது. இரண்டு வாரம் முன்பிருந்தே சிறிது சிறிதாகப் பழக வேண்டும்.

உணவு

இப்பகுதி பெற்றோருக்கும் உரியது. ஒத்திகை நாளில் நேரமாகிவிட்டதென்று வெறும் வயிற்றோடு ஓடி வரும் மாணவியர் பலர். ‘காலையில் சாப்பிட்டால் அடிக்கும்போது குமட்டும்’ என்பவரும் உண்டு. இரண்டு இட்லியோ, ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழோ, ஒரு வாழைப்பழமோ ஒரு மணி நேரம் முன்பே உள்ளே சென்றால் குமட்டாது. தண்ணீரைத் தாகம் எடுக்குமுன்பே சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். நெடுநேரம் வியர்த்தால் உப்பிட்ட நீர்மோரும் எலுமிச்சைச் சாறும் நல்லவை.

இதைவிட முக்கியமானது இரத்தச் சோகை. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. வரிசையில் பத்துப் பேர் நின்றால் ஏறக்குறைய அறுவர்! இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தம் சுமக்கும் பிராணவாயு குறையும். படியேறினாலே மூச்சு வாங்கும். அந்த நிலையில் எத்தனை தோப்புக்கரணம் போட்டும் பயன் குறைவே. ‘அவள் சோம்பேறி’ என்று நாம் கருதும் தோழி உண்மையில் சோகையுற்றவளாக இருக்கலாம். ஓர் எளிய இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொண்டைக்கடலை, பேரீச்சை, நம் கடலில் கிடைக்கும் மீன் ஆகியவற்றை அடிக்கடி சேர்ப்போம். கூடவே நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஏதேனும் ஒன்று இருந்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். சாப்பாட்டோடு தேநீர் அருந்தினால் அது தடைபடும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஒளித்து வைக்காமல் உணவுக்குப் பின் விழுங்குவோம்.

மாதவிலக்கு நாட்களில் பயிற்சியை நிறுத்த வேண்டிய கட்டாயமில்லை. உடல் ஒத்துழைக்கும் அளவுக்குச் செய்யலாம். வலியோ சோர்வோ மிகுந்தால் கூச்சமின்றி ஆசிரியையிடம் சொல்லி ஓய்வு பெறலாம். ஆஸ்துமா, இதய நோய் போன்றவை உள்ளோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

எட்டு வாரத் திட்டம்

முதல் இரண்டு வாரம் நடையும் உடற்பயிற்சியும் மட்டும். கைக்கு ரப்பர்த் துண்டில் 10 நிமிடம். மூன்றாம், நான்காம் வாரம் ‘மார்க் டைம்’ செய்துகொண்டே வாயால் தாளம் சொல்வோம். பிறகு அதைத் தொடையில் தட்டுவோம். ஐந்தாம் வாரம் டிரம்மை மாட்டி, அடிக்காமல் 5 நிமிடம் நடப்போம். ஆறாம் வாரம் நின்றபடி அடிப்போம். ஏழாம் வாரம் நடந்துகொண்டே அடிப்போம். முதல் நாள் 5 நிமிடம், நாளுக்கு 2 நிமிடம் கூட்டுவோம். எட்டாம் வாரம் சீருடை, காலணி, வெயில் யாவும் சேர்த்து முழு ஒத்திகை. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. ஓய்வில்தான் தசை வளர்கிறது.

பெண்ணும் முரசும்

‘பெண் பிள்ளைக்கு டிரம் எதற்கு? வயலின் கற்கலாமே’ என்று அன்போடு கேட்கும் உறவினர் இன்றும் உண்டு. அவர்களுக்குத் திண்டுக்கல்லைக் காட்டலாம். அங்கே அருட்சகோதரி சந்திரா 1990இல் நிறுவிய ‘சக்தி’ கலைக்குழுவில், ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் இளம் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி, அடித்துக்கொண்டே ஆடுகிறார்கள். ஒரு காலத்தில் இழிவெனக் கருதப்பட்ட கருவியும், அதைத் தொடக்கூடாதெனப் பட்ட பெண்களும் அங்கே ஒன்றாக நிமிர்ந்து நின்றனர். புதுதில்லியில் 2024 குடியரசு நாள் அணிவகுப்பைத் தொடங்கி வைத்ததும் சங்கும் நாகசுரமும் நகராவும் முழக்கிய நூற்றுக்கு மேற்பட்ட பெண் கலைஞர்களே. வலிமை ஆணுக்கென்று தனியே அளந்து தரப்பட்டதன்று. அதைப் பயிற்சியே தருகிறது.

ஆகவே தங்கையரே, மெலிந்த உடல் என்றோ குட்டையானவள் என்றோ தயங்கிப் பின்வாங்க வேண்டாம். இன்று 10 தோப்புக்கரணம் முடியாதவள் 5 போடட்டும். இன்று 15 நிமிடம் நடக்க இயலாதவள் 8 நிமிடம் நடக்கட்டும். எட்டு வாரம் தவறாமல் செய்தவளை அவளுடைய டிரம்மே மெச்சும். அன்னையரே, தந்தையரே, அந்த எட்டு வாரமும் காலை உணவைத் தவறாமல் தந்து, அதிகாலை நடைக்குத் துணையாக வாருங்கள். பெயர்ப் பட்டியல் ஒட்டப்படும் நாளுக்காகக் காத்திராமல் நாளைக் காலையிலேயே நடக்கத் தொடங்குவோம்.